ஜாதிக்காய்த் தீவுகளில் விருந்தினராக

அயல்நாடுகளைப் பார்த்து வரவேண்டும் என்னும் ஆவல் நம்மவரிடையே நாளுக்கு நாள் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஒரு காலத்தில் நம் நாட்டினின்றும் கடல் கடந்து சென்றோரிற் பெரும்பாலார் பிழைப்புக்காகவே சென்றனர். இன்றோ பிற நாட்டாரையும் அவர்தம் வாழ்க்கையையும் காணவேண்டுமென்ற விருப்பம் ஒன்றே காரணமாகப் புறப்படுவோர் பலர். ஆயினும், இவர்களுள் மிகப் பலர் கூட்டங் கூட்டமாகவே அழைத்துச் செல்லப்படுகின்றனர். சிங்கப்பூரில் மூன்று நாள், பாலித் தீவில் நான்கு நாள் என்று முன்னரே வகுத்த கணக்கின்படி வண்டியில் ஏறி, வண்டியிலிருந்து இறங்கி, படம் பிடித்துக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். எந்த நாட்டுக்குச் சென்றார்களோ அந்த நாட்டு மனிதர் ஒருவரோடேனும் பத்து நிமிஷம் பேசியதுண்டா என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது.

இம்முறையில் சலிப்படைந்த இளைஞர் சிலர், வழிகாட்டியும் கூட்டமும் இன்றித் தாமே புறப்பட்டு, உஷ்ண மண்டல நாடுகளில் பெருவழியினின்றும் ஒதுங்கிய மூலைகளைத் தேடிச் செல்லத் தொடங்கியிருக்கின்றனர். இவர்களுடைய துணிவையும் முயற்சியையும் நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால், திரும்பி வந்து அவர்கள் பேசும்போது அடிக்கடி ஒரு சொற்றொடர் நம் காதில் விழுகிறது. "யாரும் போகாத இடத்துக்குப் போய் வந்தேன்" என்கின்றனர். இச்சொற்றொடரைப் பற்றியே இன்று சிறிது ஆராய விரும்புகிறோம். யாரும் போகாத இடம் என்று நாம் சொல்லுமிடத்தில் தலைமுறை தலைமுறையாக மனிதர் பிறந்து, உழைத்து, இறந்து வந்திருக்கின்றனர். அவர்களைக் கணக்கில் சேர்க்காத கண்ணோடு முன்னொரு காலத்தில் கடற்பிரயாணம் செய்து வந்தோர் என்ன செய்தார்கள் என்பதற்குச் சரித்திரம் சாட்சி கூறுகிறது. இந்தோனேஷியாவைச் சேர்ந்த பண்டாத் தீவுகளின் வரலாறு அத்தகைய சாட்சிகளுள் முதன்மையானது.

தீவுகளும் அவற்றின் செல்வமும்

இந்தோனேஷியாவின் கீழ்ப்பகுதியில் மலுக்கு மாகாணம் இருக்கிறது. அதிலுள்ள செராம் என்னும் பெரிய தீவுக்குத் தெற்கே, ஆழ்ந்த கடலின் நடுவில், ஏறத்தாழப் பத்துச் சிறு தீவுகள் கூட்டமாகக் கிடக்கின்றன. அவையே பண்டாத் தீவுகள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஐந்து பாகைக்குள் இருப்பவை. இவற்றுள் நெய்ரா என்பது சிறு பட்டணமும் துறைமுகமும் உடையது. அதற்கு எதிரே மிகக் குறுகிய நீர்ப்பரப்புக்கு அப்பால் 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் ஓர் எரிமலை நிமிர்ந்து நிற்கிறது. குனோங் அப்பி, அதாவது நெருப்பு மலை, என்று அதனை அழைக்கின்றனர். லொந்தோர் என்னும் பெரிய தீவும், சற்று விலகிய ஐ, ருன் என்னும் தீவுகளும் ஜாதிக்காய்க்குப் பேர்போனவை.

நம் வீடுகளில் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் ஜாதிக்காயின் தாய்நாடு இத்தீவுகளே. பல நூற்றாண்டுக் காலம் உலகத்துக்கு வேண்டிய ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் இந்தச் சிறு நிலப்பரப்பிலிருந்தே சென்றன. மஞ்சள் நிறமான கனி பழுத்து இரண்டாக வெடிக்கும்போது, கரும்பழுப்பு நிறமுள்ள கொட்டையைச் செந்நிற வலைபோலப் பத்திரி சுற்றியிருப்பதைக் காணலாம். நீண்ட மூங்கிற் கழியின் நுனியில் சிறு கூடை ஒன்றைக் கட்டி, கனி கீழே விழுந்து அடிபடாதபடி பறிக்கின்றனர். வானளாவிய கெனாரி மரங்கள் மேலே குடைபிடிக்க, அவற்றின் நிழலிலேதான் ஜாதிமரம் செழித்து வளர்கிறது. கனியைப் பெரிய புறாக்கள் விழுங்கிப் பத்திரியைச் செரித்துக்கொண்டு கொட்டையை முளைக்கும் நிலையிலேயே வெளியிடுகின்றன. இவ்வாறு காடு தானே பரவுகிறது.

ஐரோப்பியர் வருவதற்கு முன் பண்டாவில் அரசன் இல்லை. ஓராங் காயா என்று பெயர்பெற்ற பெருங்குடி மக்கள் கூடிக் காரியங்களை நடத்தி வந்தனர். அவர்கள் தேர்ந்த வியாபாரிகள். தங்கள் ஜாதிக்காயைக் கொடுத்து அரிசியும் சாகு மாவும் துணியும் வாங்கினர். அத்துணிகளுள் நமது சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்டவை சிறந்த இடம் பெற்றிருந்தன. வாசனைப் பண்டங்களுக்கு மாற்றாகக் கொடுக்கத் துணி தேவைப்பட்டதே டச்சுக்காரர் நம் கரைக்கு வந்ததற்கு முக்கிய காரணம். 1610-ம் வருஷம் பழவேற்காட்டில் அவர்கள் வியாபாரம் தொடங்கினர். 1613-ல் அங்கே அவர்களது கோட்டை எழுந்தது. ஆகவே, பண்டாவின் கதையில் தமிழ்நாட்டு நெசவாளியின் தறிக்கும் தொடர்பு உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

முன்னே சென்றவர் செய்தது

போர்ச்சுகீசியர் 1512-ல் இத்தீவுகளை அடைந்தனர். டச்சுக்காரர் 1599-ல் வந்தனர். ஜாதிக்காய் முழுவதையும் தமக்கே விற்க வேண்டும் என்னும் ஒப்பந்தங்களை அவர்களுடைய கம்பெனி தீவினர்மீது சுமத்திற்று. தீவினரோ, தம் முன்னோர் போலவே, நல்ல விலை கொடுப்போர் யாவருக்கும் விற்றனர். பகைமை முற்றிற்று. 1621-ம் வருஷத்தில் கம்பெனியின் கவர்னர்-ஜெனரல் யான் பீட்டர்ஸூன் கூன் என்பவன் பெரும் படையோடு வந்து லொந்தோரைத் தாக்கினான். அவ்வருஷம் மே மாதம் 8-ந் தேதி நெய்ராவில் நசாவ் கோட்டையில் ஓராங் காயாக்கள் 44 பேர், கம்பெனியார் கூலிக்கு அமர்த்தியிருந்த ஜப்பானிய வீரர் கையால் வெட்டுண்டு மாண்டனர். மலைமேல் ஓடி ஒளிந்தோர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். எண்ணூறு பேரளவில் அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜக்கார்த்தாவுக்கு, ஏற்றிச் செல்லப்பட்டனர். அதற்கு முன் சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் அதன்பின் எஞ்சியோர் ஓராயிரம் பேரளவே இருந்திருப்பர் என்று சரித்திர ஆசிரியர்கள் மதிப்பிடுகின்றனர்.

பின்னர் நிலம் 68 தோட்டங்களாகப் பங்கிடப்பட்டது. அவற்றில் வேலை செய்யப் பல திசைகளிலிருந்தும் அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். டச்சு இந்தியாவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1860-ல்தான். தப்பிக் கடலேறிய பண்டா மக்களுட் சிலர் கிழக்கே கேய் தீவுகளில் குடியேறினர். அவர்களுடைய சந்ததியார் வாழும் இரு கிராமங்களில் பழைய பண்டா மொழி இன்றும் பேசப்படுகிறது. பண்டாவிலேயோ அம்மொழி இல்லை. ஒரு நாட்டின் பேச்சு அந்நாட்டில் ஒழிந்து, அகதிகளின் வாயில் மட்டும் பிழைத்திருப்பதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ருன் தீவின் கதை உலகப் பிரசித்தமானது. மூன்று கிலோமீட்டர் நீளமே உள்ள அச்சிறு தீவுக்காக ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் நெடுங்காலம் வழக்காடினர். 1667-ல் செய்துகொண்ட பிரெடா உடன்படிக்கையினால் ருன் டச்சுக்காரருக்கும், அமெரிக்காவில் இன்று நியூயார்க் நகரம் நிற்கும் மான்ஹாட்டன் ஆங்கிலேயருக்கும் நிலைபெற்றன. பிரயாண நூல்களில் இதனை வேடிக்கையான ஒரு பேரமாக எழுதுகின்றனர். ருன் தீவினரை எவரேனும் ஒரு வார்த்தை கேட்டனரா என்று எழுதுவோர் சிலரே.

பிற்காலத்தில் வந்தவர் யாவரும் கொள்ளையிட வந்தவர் அல்லர். ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் இயற்கை விஞ்ஞானி 1854 முதல் 1862 வரை இத்தீவுக் கூட்டங்களில் சுதேசிகளின் பாய்மரக் கலங்களில் ஏறி, அவர்களுடைய குடிசைகளில் தங்கிச் சஞ்சரித்தார். தனி வழியே செல்லும் பிரயாணிகளுக்கு அவர் ஓர் ஆசானே. 1857-ல் அவர் முதன்முறை பண்டாவுக்கு வந்தார். ஜாதிமரத்தின் அழகையும், கொட்டையைப் பரப்பும் புறாவையும் அவர் கண்கள் நுட்பமாகக் கண்டன. ஆயினும், டச்சுக்காரரின் ஜாதிக்காய் ஏகபோகத்துக்கு அவர் தமது நூலில் பரிந்தே எழுதினார். மரத்தையும் பறவையையும் அத்தனை கூர்மையாக நோக்கிய ஒருவருக்கே இப்படி நேர்ந்ததென்றால், ஒரு வாரத்தில் பார்த்துத் திரும்பும் நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்!

சிறைத் தீவு கல்விச்சாலையானது

பண்டாவின் கதை துயரத்தோடு முடிந்துவிடவில்லை. இந்தோனேஷியச் சுதந்திரப் போராட்டத்தின் தலைவர்களான முகம்மது ஹத்தாவும் சுத்தான் ஷாரீரும் 1934-ல் கைது செய்யப்பட்டு, முதலில் நியூகினியின் மலேரியாக் காடுகளுள் அமைந்த போவன் டிகுல் முகாமுக்கும், 1936-ல் அங்கிருந்து நெய்ராவுக்கும் நாடு கடத்தப்பட்டனர். டாக்டர் சிப்தோ மங்குன்குசுமோ அவர்களுக்கு முன்பே அங்கே வைக்கப்பட்டிருந்தார். ஹத்தா பெட்டி பெட்டியாகத் தம் புத்தகங்களைக் கொண்டுசென்றார். இருவரும் தீவுச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தனர். 1942 பிப்ரவரியில், ஜப்பானியர் நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், கடல் விமானம் ஒன்று வந்து அவர்களை ஏற்றிச் சென்றது. 1945 ஆகஸ்டு 17-ந் தேதி சுதந்திரப் பிரகடனத்தில் ஸுகர்னோவோடு கையொப்பமிட்டவர் ஹத்தா. அவ்வருஷமே ஷாரீர் முதற் பிரதம மந்திரியானார்.

நம் நாட்டுக்கும் இவர்கள் அயலார் அல்லர். 1927-ல் பிரஸ்ஸல்ஸில் கூடிய ஏகாதிபத்திய எதிர்ப்பு மகாநாட்டில் ஜவஹர்லால் நேருவும் ஹத்தாவும் கலந்துகொண்டனர். 1947 ஜூலையில் டச்சுக்காரரின் முற்றுகையை மீறி ஷாரீரை விமானத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் ஒரிஸ்ஸாவின் பிஜூ பட்நாயக். பண்டாக் கூட்டத்தில் இரு தீவுகள் இன்று ஹத்தா, ஷாரீர் என்ற பெயர்களையே தாங்கி நிற்கின்றன.

நெய்ராவுக்குச் செல்வோர் ஐங்கோணமான பெல்ஜிக்கா கோட்டைமேல் ஏறி எரிமலையைப் படம் பிடிக்கத் தவறுவதில்லை. ஹத்தா குடியிருந்த வீட்டையும், 1621-ல் மாண்டவர் பெயர்கள் பொறிக்கப்பட்ட பரிகி ரந்தே கிணற்றையும் பார்க்காமல் திரும்புவோர் உண்டு. கோட்டை கட்டினவனைக் கண்டு, கோட்டையில் மாண்டவனைக் காணாமல் வருவது பிரயாணம் ஆகுமா?

போகும் வழி

இனி, போக விரும்புவோர்க்குச் சில வார்த்தைகள். மலுக்குவின் தலைநகரான அம்பொன் வரை விமானம் செல்கிறது. அங்கிருந்து பண்டாவுக்குக் கடல் வழியே முக்கிய வழி. கடல் அமைதியாக உள்ள மாதங்களில் துலேஹு துறையிலிருந்து விரைவுப் படகு ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் கொண்டு சேர்க்கும். பெல்னி என்னும் அரசாங்கக் கப்பல் கம்பெனி 1952-ல் தொடங்கியது. அதன் பெரிய கப்பல்கள் சில நாட்களுக்கொரு முறை நெய்ராவைத் தொட்டுச் செல்கின்றன. கப்பலில் செல்வதையே நாம் சிபாரிசு செய்வோம். அதில் வரிசை வரிசையாக இட்ட படுக்கைகளில் மாணவரும் வியாபாரியும் கைக்குழந்தையோடு தாய்வீடு செல்லும் பெண்ணும் படுத்திருப்பர். சத்தமும் புழுக்கமும் உண்டு. ஆனால், நெய்ராவில் எங்கே தங்கலாம், எவருடைய படகு நம்பத்தக்கது என்பவை யாவும் அந்த ஓர் இரவிலேயே தெரிந்துவிடும். தமிழருக்கு ஓர் அனுகூலமும் உண்டு. மலாய் மொழியின் வழிவந்த அந்நாட்டுப் பேச்சில் கப்பலைக் 'காப்பால்' என்றும் கடையைக் 'கெடாய்' என்றும் சொல்கின்றனர். நம் முன்னோர் கடலோடிகளாய்ச் சென்று விட்டுவந்த சொற்கள் அவை. இன்னும் ஐம்பது சொற்களைக் கற்றுக்கொள்வது பெரிய காரியம் அன்று.

ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலும், ஜனவரி, பிப்ரவரியிலும் பருவக்காற்றினால் கடல் கொந்தளிக்கும். மார்ச்சு, ஏப்ரல் மாதங்களும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையுள்ள காலமும் தக்கவை. எந்த மாதத்திலும் படகு நிற்கக்கூடும். ஆகையால், ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு மூன்று நாளேனும் மிச்சம் வைத்துக்கொள்ளுதல் அவசியம். இதைச் செய்யாதவரே படகோட்டியை அவசரப்படுத்திப் புயலில் இறங்கச் செய்பவர். அவ்வாறு செய்யும்போது அபாயம் தம் உயிருக்கு மட்டும் அன்று. குடும்பம் உள்ள ஒரு மீகாமனின் உயிருக்கும்தான்.

மலுக்குவில் மலேரியாவும் டெங்குவும் உண்டு. புறப்படுமுன் வைத்தியரைக் கலந்து மருந்து பெறுவதும், கொசுவலை கொண்டுசெல்வதும், காய்ச்சிய நீரையே பருகுவதும் இன்றியமையாதவை. கடும் நோய் வந்தால் கடலைக் கடந்து அம்பொன் சேரவேண்டும் என்பதை மனத்திற் கொள்ளுக. ரொக்கப் பணத்தைச் சிறு நோட்டுகளாக வைத்திருப்பது நல்லது. தீவினர் பெரும்பாலும் முஸ்லிம்கள். கிராமங்களுக்குள் செல்லும்போது உடையில் அடக்கமும், நோன்பு மாதத்தில் பகற்காலத்தில் வெளியிடங்களில் உண்ணாமையும் மரியாதையாகும்.

வீட்டாரின் கட்டுப்பாடு

பிரயாணி தன் சௌகரியத்தை நினைப்பது இயல்பு. தான் வந்ததால் பிறருக்கு நேரும் அசௌகரியத்தை நினைப்பதே அரிது. ஐ, ருன் தீவுகளில் ஊற்று நீர் இல்லை. மழைநீரைத் தொட்டிகளில் சேமித்தே ஜனங்கள் வருஷம் முழுவதும் காலங்கழிக்கின்றனர். அங்கே நாளுக்கு இருமுறை தாராளமாக நீராடும் விருந்தினன் அவ்வீட்டுக் குழந்தைகளின் குடிநீரையே தன் தலையில் ஊற்றிக்கொள்கிறான். வீட்டார் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். நாமே அறிந்து நடத்தல் வேண்டும்.

மலுக்குப் பிரதேசத்தில் 'சாசி' என்றொரு பழைய வழக்கம் உண்டு. ஒரு தோப்பிலோ கடற்பகுதியிலோ குறித்த காலம் வரை எதையும் எடுக்கலாகாது என்று ஊரார் கூடித் தடை விதிப்பர். இளந்தென்னங் குருத்தைக் கட்டி அடையாளம் வைப்பர். தடை நீங்கும் நாளில் ஊரார் யாவரும் சேர்ந்து அறுவடை செய்வர். அந்தக் குருத்தைக் கண்டால் பிரயாணியும் அப்பால் செல்லலாகாது. காவற்காரன் இல்லையே என்று நுழைவோன், ஒரு ஊர் தன்னைத்தானே ஆண்டுகொள்ளும் உரிமையை அவமதிக்கிறான்.

கடலடியில் உள்ள பவளப்பாறைகளும் அத்தகைய செல்வமே. 1988-ல் நெருப்பு மலை வெடித்து, உருகிய கற்குழம்பு கடலுள் பாய்ந்து பவளத்தை அழித்தது. ஆனால், ஐந்தே வருஷங்களில் நூற்றுக்கு மேற்பட்ட பவளவகைகள் அதே பாறைமேல் பரவி வளர்ந்ததை விஞ்ஞானிகள் கண்டு வியந்தனர். நெருப்பையும் பொறுத்து மீண்ட அப்பவளம், அதன்மேல் ஏறி நிற்கும் மனிதனின் காலையும், அவன் எறியும் பிளாஸ்டிக்கையும், படகின் நங்கூரத்தையும் ஓயாமல் பொறுக்குமென எதிர்பார்க்க முடியாது.

இரண்டு ஆட்சேபங்கள்

இத்தகைய இடங்களைப் பற்றி எழுதுவதே அவற்றைக் கெடுப்பதாகும் என்று சிலர் கூறுவர். பாலித் தீவின் தென்பகுதியில் வயலும் நீரும் விடுதிகளுக்கு இரையாவதைக் கண்டோர் இவ்வாறு அஞ்சுவது இயற்கையே. ஆனால், ஒரு தீவை உலகினின்றும் மறைத்து வைக்கும் அதிகாரத்தை நமக்கு யார் கொடுத்தது? 1999-ல் தொடங்கிச் சில வருஷங்கள் மலுக்குவில் வகுப்புக் கலகம் நிகழ்ந்தபோது பிரயாணிகள் வருவது நின்றது. விருந்தினரை நம்பிய வீடுகள் வருவாயின்றித் தவித்தன. வருவோர் எத்தனை பேர், எந்த வகையில் வரவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை தீவினருடையது. அவர்கள் வீட்டில் தங்கி, அவர்கள் சமைத்த கெனாரிக் குழம்புக் கத்தரிக்காயையும் ஜாதிக்கனி இட்ட மீன் சாற்றையும் உண்டு, அவர்கள் படகுக்கு நியாயமான கூலி கொடுப்பவனால் எந்தத் தீவும் கெடாது.

இரண்டாவது ஆட்சேபம் பேரத்தைப் பற்றியது. குறைந்த செலவில் பிரயாணம் செய்வதே திறமை என்று நம் இளைஞர் பலர் எண்ணுகின்றனர். சிக்கனம் நற்குணமே. ஆயினும், ஜாதிக்காயைக் காயவைத்து விற்கும் கிழவியிடம் சில ஆயிரம் ரூபியாவைக் குறைத்துவிட்டுப் பெருமை பேசுவது சிக்கனம் அன்று. இந்திய நாணயத்தில் அது சில ரூபாய்தான். அதே பண்டத்தை அடிமாட்டு விலைக்குக் கேட்டுக் கோட்டை கட்டியவர்களின் கதையை அறிந்தவன், அவள் சொன்ன விலையை மனமுவந்து கொடுப்பான்.

வேண்டுகோள்

ஏ. கே. செட்டியார் போன்றோர் உலகம் சுற்றி வந்து தமிழில் எழுதிய வழி நமக்கு இருக்கிறது. அவ்வழியில் செல்ல முன்வரும் இளைஞர்களை நாம் வரவேற்கிறோம். எளிய கப்பலில் ஏறுங்கள். நாட்களை மிச்சம் வைத்துக்கொண்டு புறப்படுங்கள். அந்நாட்டு மொழியில் வணக்கம் சொல்லவும் நன்றி கூறவும் கற்றுக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் எழுதுங்கள். எரிமலையின் அழகோடு நிறுத்தாமல், ஜாதிக்காய்க்குத் தோட்டக்காரனுக்குக் கிடைக்கும் விலை என்ன, கப்பல் எத்தனை நாளைக்கொரு முறை வருகிறது, பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் படிக்கின்றனர், தொட்டியில் நீர் எந்த மாதம் வற்றுகிறது என்பவற்றையும் கேட்டறிந்து எழுதுங்கள். அவ்வாறு எழுதத் தொடங்குபவரின் பேனாவில் "யாரும் போகாத இடம்" என்ற சொற்றொடர் வரவே வராது. நானூறு வருஷங்களுக்கு முன் பண்டாவுக்கு அழைப்பின்றிச் சென்றோர் விலையை மட்டுமே கேட்டனர். இன்று அங்கே செல்லும் தமிழர், முதலில் வீட்டாரின் நலத்தைக் கேட்பவராக இருக்கட்டும்.